காத்து நின்னாலும் வெளிய வராதீங்கன்னு ஒரு வார்த்தை சேர்த்து சொல்லுங்க சார்

புயல் எச்சரிக்கை எழுதுற, மைக்ல சொல்ற அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் வேதாரண்யத்துக்கு மேக்க ஒரு கிராமம். எங்க ஊர்ப்பக்கம் பெரியவங்க வயசு சொல்றதே புயலை வச்சுதான், 1952 புயலுக்கு கைக்குழந்தை, 1977 புயலப்போ கல்யாணமாயிடுச்சுன்னு. 2004 சுனாமில நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க, கோடியக்கரைல சோழர் காலத்து கலங்கரை விளக்கம்னு ஒன்னு மிச்சம் இருந்துச்சே அதுவும் அன்னைக்குத்தான் போச்சு. அதுலேருந்து ஆபத்துன்னா கடல்லேருந்துதான் வரும்னு எல்லார் மனசுலயும் பதிஞ்சு போச்சு, உப்பளம் தாண்டி உள்ள இருக்குற புலத்துக்காரங்க நமக்கென்னன்னு இருந்துட்டோம்.

2018 நவம்பர் 16, கஜா புயல். நடுராத்திரி 12.30 மணிக்கு மேல கரையை கடந்துச்சு, காத்து 100, 110 கிலோமீட்டர், நடுநடுவுல 120 வரைக்கும். முன்கூட்டியே 80,000 பேருக்கு மேல முகாமுக்கு கூட்டிட்டு போனீங்க, அது இல்லாட்டி சாவு இன்னும் எவ்வளவு ஆயிருக்குமோ, அந்த நன்றி எப்பவும் உண்டு. நான் சொல்ல வந்தது வேற.

மொதல்ல வாடை, அதான் வடக்கத்தி காத்து, அடிச்சுது பாருங்க, ஓடு ஒவ்வொன்னா பறக்குது, தென்னை முறியுற சத்தம் வெடி போட்ட மாதிரி, நாங்க ஏழு பேரு கட்டிலுக்கு அடில. அப்புறம் திடீர்னு நின்னு போச்சு. சுத்தமா. தவளை கத்துறது கேக்குது. முடிஞ்சுதுடா சாமின்னு சித்தப்பா டார்ச்சை எடுத்துட்டு கொட்டாய்க்கு மாட்டை பாக்க போயிட்டாரு, பக்கத்து வீட்லயும் ஆளுங்க வெளிய வந்து பேசிட்டு நிக்கிறாங்க. எங்க அப்பாயிதான் கத்துனாங்க, "உள்ள வாங்கடா, இன்னும் சோளகம் அடிக்கல!" சோளகம்னா தெக்கத்தி காத்து. அவங்க பொறந்த ஊரு வேளாங்கண்ணி பக்கம், 77ல இதை பாத்தவங்க. சித்தப்பா திட்டிக்கிட்டேதான் உள்ள வந்தாரு, கொஞ்ச நேரத்துல தெக்கேருந்து ஒரே தூக்கா தூக்குச்சு, கொட்டாய் இருந்த எடம் தெரியல. மாடு செத்துப்போச்சு.

பின்னாடிதான் வெவரம் தெரிஞ்சுகிட்டேன், அது புயலோட கண்ணாம். கண்ணு தலைக்கு மேல இருக்குற வரைக்கும் அமைதியா இருக்கும், தாண்டுனதும் எதிர்ப்பக்கத்துலேருந்து அடிக்கும், ஏன்னா காத்து வட்டமா சுத்துது. வடக்கேருந்து ஆட்டி வேர் லூசான மரத்தை தெக்கேருந்து ஒரு தள்ளு தள்ளுனா நிக்குமா? இது உங்களுக்கு தெரியாத விஷயமா சார், ஆனா அன்னைக்கு சாயங்காலம் எங்க தெருவுல ஆட்டோல வந்த மைக்ல மீனவர்கள் கடலுக்கு செல்ல வேண்டாம், தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்கு செல்லவும், அவ்ளோதான். கூண்டு நம்பர் 10 ஏத்துனா துறைமுகத்துல இருக்குறவனுக்கு புரியும், தென்னந்தோப்புக்குள்ள இருக்குறவனுக்கு அது வெறும் நம்பர்.

அந்த நேரம் போன்ல பாத்துக்கலாம்னும் முடியாது, புயல் வரும்போது கரண்ட் இருக்காது, கஜால லட்சத்துக்கு மேல போஸ்ட் சாஞ்சுச்சு, டவரும் போச்சு. அதனால சாயங்காலமே காதுல ஏத்திடணும்.

அப்பாயி இப்ப இல்ல. அதனாலதான் உங்களை கேக்குறேன்.

வாசகம் பெருசா வேணாம், இது போதும்: "காத்து திடீர்னு நின்னா புயல் முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, எதிர்ப்பக்கத்துலேருந்து திரும்ப அடிக்கும், நாங்க சொல்ற வரைக்கும் யாரும் வெளிய வராதீங்க, மாட்டை முன்னாடியே அவுத்து விட்டுடுங்க." அதிகாரி தமிழ்ல வேணாம், எங்க பேச்சுலயே இருக்கட்டும். பேசி ரெக்கார்ட் பண்ணித்தர ஆள் வேணும்னா நானே வரேன், ஐப்பசி மழை தொடங்குறதுக்குள்ள சொல்லுங்க.