பூஜி என்றொரு மெழுகுதிரி

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்பின் மச்சான் குகன்,

கடிதம் கிடைத்தது. மானிப்பாயில் மழை பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே புழுக்கம்தான். என் முழங்கால் நோவு அதன் பாட்டில் இருக்கிறது, நான் என் பாட்டில் இருக்கிறேன். அதை விடு. போன கிழமை ஒரு சொல்லிடம் மாட்டுப்பட்டேன்.

கீழ்வீட்டு அன்ரியைத் தெரியும்தானே, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். அங்கிளுக்கு மாதக்கணக்காகச் சாப்பாடு இறங்கவில்லை. சோறு நெஞ்சுக்குள் நின்றுவிடும். கஞ்சியும் பாலில் தோய்த்த பாணுமாக நாள் போனது. ஆஸ்பத்திரியில் ஏதோ செய்து, கையில் டயக்னோசிஸ் காட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு அன்ரி வந்தார். "தம்பி, என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா பாருங்கோ."

முப்பது வருடம் கந்தோரில் மொழிபெயர்த்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? முதல் வரியை உணவுக்குழாய்ச் சுருக்கம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அடுத்த வரி: பூஜி டைலற்றேஷன், 12 மில்லிமீற்றர் வரை. டைலற்றேஷன் என்றால் விரித்தல், அது தெரியும். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் பூஜி என்றால் மெழுகுதிரி. யோசிக்காமல் அதையே சொல்லிவிட்டேன்.

"நெருப்போடயோ தம்பி?"

அன்ரியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர். அதையே புருஷனின் தொண்டைக்குள் இறக்கினார்கள் என்றால் பாவம், என்னதான் நினைப்பார்!

ஒப்பரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கும் என் மருமகளுக்குப் போன் அடித்தேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத்தான் விளக்கம் சொன்னாள். வளையக்கூடிய நீண்ட பிளாஸ்டிக் கோல், நுனி மட்டும் ஒடுங்கி வரும். நடுவில் துளை. முதலில் கமராவின் உதவியோடு மெல்லிய கம்பியொன்றை வயிற்றுக்குள் விடுவார்கள். அந்தக் கம்பியில் கோலைக் கோர்த்து, சுருங்கிய இடத்தினூடாகப் பையப் பையத் தள்ளுவார்கள். சின்னது போய் வந்தால் அதைவிட ஒரு அளவு பெரியது. இறுக்கம் தட்டுப்பட்ட பிறகு, பொதுவாக ஒரு தடவையில் மூன்று அளவுக்கு மேல் ஏற்றுவதில்லையாம். அவசரப்பட்டால் குழாய் கிழிந்துவிடும். அங்கிளை இரண்டு கிழமையில் திரும்ப வரச் சொன்ன காரணம் அதுதான்.

சரி, மெழுகுதிரி எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் மூத்திரக் குழாய் அடைபட்டவர்களுக்குத் துணியை மெழுகில் தோய்த்துத் திரியாகச் சுருட்டி உள்ளே விட்டிருக்கிறார்கள். பார்வைக்கும் மெழுகுதிரி, தொட்டாலும் மெழுகுதிரி. பிரெஞ்சுக்காரருக்கு அந்தப் பெயரே ஒரு ஊரிலிருந்து வந்தது: அல்ஜீரியாக் கரையில் இருக்கும் பெஜாயா. மெழுகு ஏற்றுமதிக்குப் பேர்போன துறைமுகம், அதைத்தான் அவர்கள் பூஜி என்றார்கள். கணக்கு வாத்தியார் உனக்கு ஒரு செய்தி: இத்தாலியக் கணித மேதை பிபோனாச்சி சின்ன வயதில் நம் பக்கத்து இந்திய எண்களைக் கற்றுக்கொண்டதும் அதே ஊரில்தான்.

கணக்கு என்றதும் இன்னொன்று. இந்தக் கோல்களைப் பல இடங்களில் மில்லிமீற்றரில் சொல்வதில்லை, 'பிரெஞ்ச்' என்று ஒரு அளவு. பாரிஸில் கருவி செய்த ஷாரியேர் என்பவர் போட்ட கணக்கு. மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீற்றர். '36' என்று கேட்டால் 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள கோலை நீட்ட வேண்டும்.

இதில் பெரிய வில்லங்கம், ஒரே பெயரில் வேறு வேறு வேலை. உடல் பருமனுக்கு இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும்போதும் ஒரு பூஜியை உள்ளே வைக்கிறார்கள். அது எதையும் விரிப்பதில்லை, அளவுகோல் மாதிரி. அதை அணைத்துத்தான் மீதி இரைப்பையைத் தைக்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கிறவர்களிடம் இருப்பது இன்னொன்று, ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர், நுனி வளைந்தது. சுவாசக் குழாயின் வாசல் சரியாகத் தெரியாதபோது அதை முதலில் நுழைத்து, அதன்மேல் ரியூப்பைச் சறுக்கி இறக்குவார்கள். சரியான வழியில் போனால் குழாயின் வளையங்களில் நுனி டிக் டிக்கென்று தட்டுவது விரலுக்குத் தெரியுமாம். அதன் பெயர் 'கம் இலாஸ்டிக் பூஜி'. அதில் கம்மும் இல்லை, இலாஸ்டிக்கும் இல்லை, அது விரிக்கிற பூஜியும் இல்லை என்பது அவர்களுக்குள்ளேயே பழைய பகிடி. ஆக, டயக்னோசிஸ் காட்டில் பூஜி என்று கண்டால் எந்தப் பிரிவு எழுதியது என்று முதலில் பார்க்க வேண்டும். நான் அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருட அனுபவத்துக்கு அழகா அது?

தமிழில் என்ன எழுதலாம் என்று இரண்டு இரவு மண்டையை உடைத்தேன். 'விரிப்பான்' மயக்க மருந்துக்காரரிடம் பொய்யாகிவிடும். 'மெழுகுதிரி' அன்ரியிடம் பட்ட பாடு போதும். அப்போதுதான் உங்கள் ஊர் கிறீன் வைத்தியர் நினைவுக்கு வந்தார். 1847இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தவர், வேதியியலைக் கூசாமல் 'கெமிஸ்தம்' என்று எழுதினாரே! அந்தத் துணிவில் நானும் ஒலியை அப்படியே வைத்து, பக்கத்தில் வேலையைச் சொன்னேன். அன்ரிக்கு எழுதிக் கொடுத்தது இதுதான்: "ஒடுங்கிய உணவுக்குழாய், பூஜி என்னும் வளையும் கோலால் 12 மில்லிமீற்றர் வரை விரிக்கப்பட்டது."

அங்கிள் நேற்று இரண்டு இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டுச் சாப்பிட்டார். அடுத்த தடவை ஒரு செவ்வாய்க்கிழமை விழுகிறது. நாளை மாற்றித் தருவார்களா என்று அன்ரி கேட்கப் போகிறாராம், கொச்சிக்கடைக்குப் போகவேண்டுமே.

அன்புடன்,
நாதன்