திண்டுக்கல் தோழிக்கு

அன்புள்ள திண்டுக்கல்,

உன் கடிதம் வந்து நாளாயிற்று, பதில்தான் தாமதம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்து போடவிடாமல் அடம்பிடிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் சொன்னபடி கேட்டால்தான் நீ கவலைப்பட வேண்டும்! இங்கே எல்லாரும் நலம். பெரியவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஆனால் வைஃபை முழுக்க எனக்கே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மனநோய் உள்ளவர்களின் குடும்பத்தினர் குழுவையும் தன்னார்வலர் பயிற்சியையும் உங்கள் டிரஸ்ட் ஆன்லைனுக்கு மாற்றப் போகிறது, ஜூம் நல்லதா, கூகுள் மீட் நல்லதா என்று கேட்டிருந்தாய். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஆனால் ஜூம் என்றால் காசு கட்டி வாங்கச் சொல். இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் எல்லாரையும் வெளியே தள்ளிவிடும். ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது திரை மூடிக்கொண்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, உன் குழுவில் இருக்கிறவர்கள் எங்கே உட்கார்ந்து பேசப்போகிறார்கள் என்பது.

சென்டரில் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசியது உள்ளேயே நிற்கும். மனச்சிதைவு நோய் உள்ள மகனைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாய், ‘சில நாள் இவன் போய்ச் சேர்ந்தால் தேவலைன்னு தோணுதுங்க’ என்று வாய்விட்டுச் சொல்ல முடிவது அந்தக் கதவால்தான். இன்னொரு அம்மா தலையை ஆட்டுவார், ‘எனக்கும்தான்’ என்பார். அதற்காகத்தானே குழுவே. ஆன்லைனில் அந்த மகன் அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறான். அவர் எப்படிச் சொல்வார்?

என் குழுவில் ஒருவர் மொட்டை மாடிக்குப் போய், காயப்போட்ட புடவைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். யாராவது படியேறி வந்தால், ‘சீட்டுப் பணம் அடுத்த வாரம் தர்றேங்க’ என்பார். உடனே நாங்கள் பேச்சை மாற்றிவிட வேண்டும் என்று ஏற்பாடு. இப்போது குழுவில் எல்லாருக்கும் அப்படி ஒரு சொந்த வாக்கியம் உண்டு. ஒருவர் கேஸ் புக்கிங் பற்றிக் கேட்பார், இன்னொருவர் பேத்தியின் ஸ்கூல் வேனைத் திட்டுவார். முதல் கூட்டத்திலேயே இதை முடிவு செய்துவிடுகிறோம். சிரிப்பும் வருகிறது, அன்னியமும் போகிறது. இயர்போன் கட்டாயம். இயர்போன் போட்டால் குழுவில் மற்றவர்கள் பேசுவது வீட்டில் இருப்பவர் காதில் விழாது, அவ்வளவுதான். போட்டிருப்பவர் பேசுவது வீடெல்லாம் கேட்கும் என்பதையும் சொல்லிவிடு, பலருக்கு அது உறைப்பதில்லை.

வீட்டில் அடிதடி உள்ள பெண்களை மட்டும் ஆன்லைனில் சேர்க்காதே. அடிக்கிறவனே செருப்பை மாட்டாமல் கதவோரம் நின்று கேட்கலாம். அவர்களுக்கு நேரில்தான். அதேபோல் ஒவ்வொருவரும் அன்றைக்கு எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறார்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடலாம் என்பதை ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள். சென்டரில் ஒருவர் பாதியில் எழுந்து போனால் நீ பின்னாலேயே ஓடலாம். திரையில் ஒரு கட்டம் காணாமல் போனால், கோபித்துக்கொண்டு போனாரா, டேட்டா தீர்ந்ததா, வேறு ஏதாவதா என்று தெரியாமல் கைபிசைந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ எல்லாரிடமும் கொடுத்து வை. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, தமிழிலேயே பேசலாம். குழுவுக்கு அது மாற்றாகாது, நடுராத்திரிக்கு உதவும்.

எட்டுப் பத்துப் பேர் என்ற பழைய கணக்கும் இங்கே செல்லாது. முக்கால்வாசிப் பேர் போனில்தான் வருகிறார்கள், போனில் ஒரு நேரத்தில் சில முகங்கள்தான் தெரியும். ஐந்து, ஆறு பேரோடு நிறுத்திக்கொள். இன்னொன்று, வட்டமாக உட்காரும் சங்கதியே இங்கே இல்லை. என் திரையில் என் பக்கத்தில் இருப்பவர் உன் திரையில் கடைசியில் இருப்பார். யார் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பேரைச் சொல்லிப் பேசப் பழக்கு. தன் முகத்தைத் தன் திரையில் மட்டும் மறைத்துக்கொள்ளும் வசதியையும் சொல்லிக்கொடு. அழும்போது தன் முகத்தையே பார்த்துக்கொண்டு யாரால் அழ முடியும்?

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது மௌனம்தான். நேரில் ஒரு கனமான பேச்சுக்குப் பிறகு எல்லாரும் சும்மா இருப்போம், மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும், அப்புறம் யாராவது மெல்ல வாயைத் திறப்பார்கள். அங்கேதான் பாதி வேலை நடக்கும். ஆன்லைனில் மூன்று வினாடி அமைதியானால் போதும், ‘மேடம், கேக்குதா? ஹலோ?’ இப்போதெல்லாம் நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ‘கொஞ்ச நேரம் யாரும் பேச வேண்டாம், நெட் போகல, நான் இங்கேதான் இருக்கேன்.’ ஓரளவுக்கு நடக்கிறது.

முடிந்ததும் டீ குடிக்கிற நேரமும் இல்லாமல் போய்விட்டது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, ‘நான் வேற ஒண்ணு சொல்லணும்’ என்பார்களே, அது. சிவப்புப் பட்டனை அழுத்தினால் அடுத்த நிமிடம் அடுப்படி. நான் கூட்டம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அறையை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது ஒருவர் தங்குவார்.

பயிற்சிக்கு எனக்கு இவ்வளவு தயக்கம் இல்லை. 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் எக்கோ என்று ஒரு பயிற்சித் திட்டம் ஆரம்பித்தார், ஹெப்படைட்டிஸ் சி நோய்க்காக. கிராமத்து மருத்துவர்கள் வீடியோவில் தங்கள் கேஸைச் சொல்வார்கள், நிபுணர்களும் மற்ற ஊர் மருத்துவர்களும் சேர்ந்து விவாதிப்பார்கள். சின்னதாக ஒரு பாடம், மீதி நேரம் கேஸ். பெங்களூருவில் இருக்கிற மனநல நிறுவனமான நிம்ஹான்ஸும் அந்த வழியில் போனது, 2018இல் டிஜிட்டல் அகாடமியே ஆரம்பித்துவிட்டார்கள். கொரோனா வருவதற்கு முன்பே! இதில் பிடித்தது என்னவென்றால், நாள் முழுக்க ஹாலில் உட்காரவைத்து பவர்பாயிண்ட் காட்டுவது இல்லை. இந்த வாரம் கற்றதை அடுத்த வாரத்துக்குள் செய்து பார்த்துவிட்டு வந்து, ‘நீங்க சொன்னது நடக்கல’ என்று சண்டை போடலாம்.

மூன்று பேராகப் பிரித்து ஒருவர் கவுன்சலர், ஒருவர் உதவி கேட்டு வந்தவர், ஒருவர் கவனிப்பவர் என்று செய்வோமே, அது ஆன்லைன் தனி அறைகளில் நன்றாகவே நடக்கிறது. பக்கத்து மேஜைச் சத்தம் இல்லை. ஆனால் முகம் சிரிக்கும்போது கால் ஆடிக்கொண்டே இருக்குமே, அதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வழியில்லை. முதல் வகுப்பையும் கடைசி வகுப்பையும் நேரில் வை, பஸ் காசு செலவானாலும் பரவாயில்லை.

ரெக்கார்டிங் வேண்டவே வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டும்தான். எங்களுக்குப் பணம் கொடுக்கிற ஒரு அமைப்பு அறிக்கையில் போட முகங்களோடு படம் கேட்டது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமை என்கிறது, எங்களுக்கு இதுதான் பதில் என்று எழுதி அனுப்பினேன். உன்னிடமும் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்.

இப்போது என் யோசனையைச் சொல்கிறேன். மனச்சிதைவு நோய்க்காக வேலை செய்யும் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பு 2010இல் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா? உள்ளே ஒரு ஆலோசனை அறை, சென்னை டாக்டரோடு பேச வீடியோ, மருந்துக்கு ஒரு மருந்தகம். வீடியோவைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்கு அந்த அறைதான் பெரிதாகத் தெரிகிறது. பேச வருகிறவருக்கு ஒரு இடத்தை ஊருக்கே கொண்டுபோனார்கள்.

உனக்குப் பஸ் வாங்க யாரும் பணம் தரப்போவதில்லை. ஆனால் தாண்டிக்குடிப் பக்கம் ஒவ்வொரு ஊரிலும் ஏதாவது ஒரு கட்டடம் இருக்கும், நூலகமோ, மகளிர் குழுக் கட்டடமோ, துணை சுகாதார நிலையமோ. அங்கே ஒரு டேப்லெட், இரண்டு இயர்போன். இரண்டு ஊர், மூன்று ஊர் அறைகளைச் சேர்த்துக் குழு நடத்து. வீட்டில் ‘கூட்டத்துக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டு வரலாம், அப்படியே டீயும் கிடைக்கும். வீட்டிலிருந்தே பேச வசதி உள்ளவர்கள் பேசட்டும், அவர்களைத் தடுக்காதே.

அடுத்த மாதம் முதல் வாரம் நான் மதுரை வருகிறேன், ஒரு நாள் உன்னிடம் வந்துவிடுகிறேன். அதற்குள் எந்தெந்த ஊர் அறையில் சிக்னல் கிடைக்கிறது, எதில் உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது என்று பார்த்து வை. அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

உன்,
தென்காசி