நீச்சல் குளத்துக்கும் சேர்த்து வாடகை, கிடைத்தது பாசிக் குளம்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, வீட்டு வாடகை நிறுவனம்
அனுப்புநர்: மூன்றாம் மாடி வாடகைதாரர், அண்ணா நகர், சென்னை
பொருள்: நான்கு மாதமாக மூடிக் கிடக்கும் நீச்சல் குளம், வாடகைக் குறைப்பு

ஐயா / அம்மா,

வணக்கம். முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் நடந்து போகிற தூரம்" என்று நீங்கள் விளம்பரத்தில் போட்டது உண்மைதான். அண்ணா நகர் டவர் மெட்ரோவுக்கு எட்டு நிமிட நடை, டவர் பூங்காவும் பக்கத்திலேயே. இரண்டாவது அவென்யூவில் பைக்குகள் மிச்சம் விட்ட நடைபாதையில் நடந்தே காய்கறி, மருந்து எல்லாம் வாங்கி வந்துவிடுகிறோம். ஸ்கூட்டரை வாரம் ஒருமுறை எடுத்தால் அதிகம்.

புகார் குளத்தைப் பற்றி.

இதே தெருவில் இதே அளவு வீடு, குளம் இல்லாதது, 38,000 ரூபாய்க்குக் கிடைத்தது. உங்களுடையது 47,000. ஏன் என்று கேட்டதற்கு, "சார், பூல் இருக்கே" என்றார் உங்கள் ஊழியர். மகள் நீச்சல் பழகட்டும் என்று பிப்ரவரியில் குடிவந்தோம். மெயின்டனன்ஸ் 5,500 தனி.

மார்ச் இரண்டாம் வாரம் மோட்டார் காயில் எரிந்துபோனது. ஃபில்டர் நின்றது, குளோரின் போடுவதும் நின்றது. சென்னை வெயிலுக்குக் கேட்கவா வேண்டும், அந்த வாரத்திலேயே தண்ணீர் பச்சையாகிவிட்டது. கேட்டில் ஒரு அட்டை தொங்குகிறது. "ஏப்ரல் 15 திறக்கப்படும்" என்பதை அடித்து மே 1, அதையும் அடித்து ஜூன் 10. இப்போது தேதியே இல்லை, "விரைவில்" மட்டும்.

போன மாதம் நானே ஒரு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன். குளோரின் இருந்தால் சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். துளி மஞ்சள் இல்லை. அடுத்த வாரம் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து ஒரு கரண்டி மொண்டு காட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. எங்கள் பிளாக் பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

உங்களுக்கு ஃபோன் செய்தால் "அசோசியேஷனைக் கேளுங்கள்" என்கிறீர்கள். அசோசியேஷன் செயலாளரோ, பல வீடுகள் பாக்கி வைத்திருப்பதால்தான் மோட்டாருக்குப் பணமில்லை என்று கணக்கு நோட்டையே திறந்து காட்டினார். அதில் எங்கள் வீட்டுக் கணக்கில் ஏப்ரலிலிருந்து ஒன்றுமே வரவாகவில்லை. நான் மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் உங்கள் கணக்கில் போட்ட 5,500 எங்கே போனது? நான்கு மாத ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன்.

குளத்துக்காகக் கூடுதலாக வாங்கிய 9,000 வீதம் நான்கு மாதத்துக்கு 36,000 ரூபாயை அடுத்த வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். குளம் திறக்கும் வரை வாடகை 38,000. அசோசியேஷனுக்குப் பாக்கியைக் கட்டி அதன் ரசீதை எனக்கு அனுப்புங்கள். பதினைந்து நாள் பார்ப்பேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நான் கட்டியது 5 லட்சத்துக்குள் என்பதால் அங்கே மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

இதற்கெல்லாம் நாளாகும், சரி. ஆனால் ஒன்று பொறுக்காது. குளத்துக் கேட்டின் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் கிரிக்கெட் பந்து உள்ளே விழுந்தது. அரை அடிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை, பந்து போன இடமே தெரியவில்லை. எடுக்க இறங்கப் பார்த்த பையனுக்கு ஏழு வயது, வாட்ச்மேன் கையைப் பிடித்து இழுத்தார்.

அந்தக் கேட்டுக்கு இன்றைக்கே ஒரு பூட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி வாடகைதாரர்