ஞாயிறு கூட்டத்துக்கு முதல் இதை வாசியுங்கோ

வணக்கம் உறவுகளே. கொழும்பிலிருந்து ஒருத்தர் எங்கட உதைபந்தாட்டக் கழகத்தைப் பொறுப்பெடுக்கக் கேட்ட கதைதான் இரண்டு நாளாக் குழுவில ஓடுது. "ரெக்சம் மாதிரி வந்திடுவம்" என்று வொய்ஸ் போடுற தம்பிமாருக்கு ஒரு விசயம்.

வேல்சில ரெக்சம் கழகத்தை 2011இல இருந்து ரசிகர்களே வைத்திருந்தவை. 2020இல இரண்டு ஹொலிவூட் நடிகர்கள் கேட்க, வாக்களித்தவர்களில 98 வீதத்துக்கு மேல ஓம் என்றவை. 2023, 2024, 2025 என்று மூன்று தரம் தொடர்ந்து மேல் பிரிவுக்கு ஏறினது உண்மைதான்.

ஆனா 2009இல இங்கிலாந்தின் நொட்ஸ் கவுண்டி கழக ரசிகர்களும் தங்கட பங்கைச் சும்மா தூக்கிக் கொடுத்தவை. மத்திய கிழக்குக் காசு வருது என்ற பேச்சு, இங்கிலாந்து அணியின்ர முன்னாள் பயிற்சியாளர் எரிக்சனையே கூட்டி வந்தாச்சு. சொன்ன காசு வரேல்லை. அந்த வருசம் முடிய முதல் கழகம் 1 பவுணுக்குக் கைமாறிச்சு.

கோல் வலை கிழிஞ்சு கயிறால கட்டிக் கிடக்குது, காசு வேணாம் என்று நான் சொல்லேல்லை. காசு எந்தக் கணக்கில, எப்ப விழும் என்று எழுத்தில தரட்டும். பெயரும் ஜேர்சி நிறமும் மாறக்கூடாது. ஜேர்மனியில 50+1 விதிப்படி வாக்கில பாதிக்கு மேல உறுப்பினர் கையில. எங்களுக்கும் அதுதான் வேணும்.

ஞாயிறு பின்னேரம் 4.30, ஏகாம்பரம் மைதானம், பயிற்சி முடிஞ்ச கையோட. சந்தா நிலுவை உள்ளவைக்கு வாக்கில்லை, யாப்பு அப்பிடி. இதுக்குக் கீழ கட்டைவிரல் போட்டா வாக்கு ஆகாது, நேரில வாங்கோ.