தளத்தைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு

மும்பையில் இருக்கிறவர்களுக்கும், மும்பையை விட்டு ஊர் போய்ச் சேர்ந்த நம் ஆட்களுக்கும் வணக்கம்.

ரூம், வேலை, ரத்தம் என்று நம் ஆட்கள் தேடி வரும் நம் இணையதளம் போன ஜூன் மாதம் ஒன்பது நாள் திறக்கவில்லை. இரண்டாம் நாள் போன் செய்து கேட்டவர்களிடம் 'பராமரிப்பு வேலை நடக்கிறது' என்று சொன்னேன். அது பொய். தளம் ஓடும் வாடகைக் கணினியான சர்வருக்கு மூன்று மாதமாக நான் பணம் கட்டவில்லை, அதனால் நிறுத்திவிட்டார்கள். பணமும் உழைப்பும் கொடுத்து அதைத் திரும்ப ஓட வைத்த உங்களுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தவன் முதலில் இதை ஒப்புக்கொண்டால்தான் மற்றதை எழுதக் கை வரும்.

மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். தாராவியில் இட்லி போடும் அண்ணாச்சி, பாத்திரம் கட்டிய சைக்கிளோடு மழையில் நிற்கிறார். "தம்பி, மாடி ரூமுக்கு ஆள் கேட்டுப் போட்டிருந்தேன். திறக்கவே மாட்டேங்குது, என்ன ஆச்சு?" அந்த நேரத்தில் எனக்குப் பொய் வரவில்லை. சொல்லிவிட்டேன். மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, "யாவாரத்துக்கு நேரமாச்சு" என்று பெடலை மிதித்துப் போய்விட்டார். நோட்டில் சட்னி வாசனை. ரசீது எண் 1 அவருடையதுதான்.

இவ்வளவு செலவு எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டீர்கள். நியாயம்தான். 2014-இல் தொடங்கியபோது வாடகை ரூம், வேலை, பழைய பாடப்புத்தகம், ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல், இவ்வளவுதான் தளம். சர்வருக்கு மாதம் பத்து டாலர். அப்போது டாலர் 60 ரூபாய்ச் சொச்சம், ஆக அறுநூறு ரூபாய். டீ, சிகரெட்டை நிறுத்தினால் கட்டிவிடலாம். (டீயை நிறுத்தவில்லை.)

2020 ஊரடங்கில்தான் எல்லாம் மாறியது. வெளியூர்த் தொழிலாளர்களை ஊருக்கு அழைத்துப் போகும் ஷ்ராமிக் சிறப்பு ரயில்கள் மே 1 முதல் ஓட ஆரம்பித்ததும், ஊருக்குப் போக எந்த போலீஸ் ஸ்டேஷனில் விண்ணப்பம் கொடுப்பது, அதில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தமிழில் விளக்கிப் போட்டோம். ராத்திரி இரண்டு மணிக்கும் ஆட்கள் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பழைய சர்வர் மூச்சுத் திணறியது. பெரியதற்கு மாறினேன், படமும் தகவலும் சேரும் டிஸ்க்கையும் பெரிதாக்கினேன். ஒருமுறை டிஸ்க்கைப் பெரிதாக்கினால் அதைத் திரும்பச் சிறிதாக்க முடியாது என்பது அந்த அவசரத்தில் எனக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து மாதம் 24 டாலர். டாலரும் இப்போது 85 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கார்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வது வேறு. ஆகமொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூறு பக்கம் வருகிறது.

அப்புறம், ரத்தம் தேவைப்படும்போது பட்டியலில் இருப்பவர்களுக்கு அனுப்பும் எஸ்எம்எஸ். இதில் தமிழுக்கென்று தனி வரி போட்ட மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அந்த எழுபதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'ரத்தம்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு நாலு எழுத்து, கணினிக்கு ஆறு. மருத்துவமனை பெயர், வார்டு, ரத்த வகை, போன் நம்பர் என்று எழுதி முடிப்பதற்குள் ஒரு செய்தி மூன்றாகி, மூன்றுக்கும் காசு. ஆங்கிலத்தில் அனுப்பிவிடலாமே என்று கேட்டார்கள். அனுப்பிப் பார்த்தோம், வயதானவர்கள் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டார்கள். ஆகவே தமிழில்தான் போகிறது. தளத்தில் விளம்பரம் போட்டுச் சமாளிக்கலாமே என்றும் சிலர் கேட்டார்கள். அதையும் ஒரு மாதம் செய்து பார்த்தோம். ஓ நெகட்டிவ் ரத்தம் கேட்டிருந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறேன் என்று ஒரு படம் குதித்துக்கொண்டிருந்தது. அன்று இரவே எடுத்துவிட்டேன்.

இனி ஆட்களிடம் வருகிறேன். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் சொன்னதால் யார் பெயரையும் போடவில்லை.

முதலில் செம்பூர் சாருக்கு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் போன் செய்து, "கணக்கைக் காட்டு, அப்புறம் கையை நீட்டு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடம் கைக்காசு போட்டவனிடம் கேட்கிற கேள்வியா என்று இரண்டு நாள் அவரை மனதுக்குள் திட்டினேன். மூன்றாம் நாள் அவரே பேரேட்டுப் புத்தகமும் இரண்டு பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை. பழைய பில்களைப் புரட்டி, எப்போதோ கைவிட்ட ஒரு இணையதளப் பெயருக்கு நான் வருடா வருடம் பணம் கட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். தளத்தின் நகலை எடுத்து வைக்கும் பேக்கப்புக்கு இரண்டு இடத்தில் காசு போவதையும் அவர்தான் பிடித்தார். சார், மற்றவர்கள் தந்த பணம் ஒரு நாள் தீர்ந்துவிடும். நீங்கள் போட்டுக் கொடுத்த கணக்குப் புத்தகம் இங்கேயே இருக்கும். அன்று திட்டியதற்கு மன்னித்துவிடுங்கள்.

மாட்டுங்கா பூக்கடை அக்காவுக்கு. கல்லாப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்து, முழம் வாங்க வருகிறவர்களிடம் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கிய பணம் 2,140 ரூபாய். முழுக்க நாணயம். எண்ணி முடிக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. சில நாணயங்களில் மல்லிகை நார் சுற்றியிருந்தது.

முலுண்டில் இருந்து வந்த கல்லூரித் தம்பிக்கு. "அண்ணா, என்கிட்ட காசு இல்லை, லேப்டாப் இருக்கு" என்றான். ஆட்கள் ஏற்றும் ரூம் படம் ஒவ்வொன்றும் ஐந்து எம்பி. அதை ஏற்றும்போதே இருநூறு கேபிக்குச் சுருக்கும்படி எழுதிக் கொடுத்தான். பழைய படங்களையும் சுருக்கினான். டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. அடுத்து சின்ன டிஸ்க்குள்ள புது சர்வருக்குக் குடிபெயரலாம் என்கிறான், பார்ப்போம்.

ஆகஸ்டில் காலாவதியாக இருந்த தளத்தின் பெயருக்கு ஐந்து வருடப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டிய குவைத் அண்ணனுக்கும், வீட்டில் சண்டை போடாமல் இருந்த என் மனைவிக்கும் நன்றி.

மொத்தம் 213 பேர். வந்தது 61,480 ரூபாய். பழைய பாக்கி 7,500 போக மீதி 53,980. எஸ்எம்எஸ் சேர்த்து மாதம் மூவாயிரம் என்று வைத்தால் பதினெட்டு மாதம் வண்டி ஓடும். மாதா மாதம் கணக்கு முகப்பிலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேட்கலாம், செம்பூர் சார் மாதிரி அதட்டவும் செய்யலாம்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. ஜூன் கடைசி வாரம் யுபிஐயில் 1,001 ரூபாய் வந்திருக்கிறது. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் வெறும் 'எம்'. குறிப்பில் 'சயான் கோலிவாடா ரூம், 2017' என்று எழுதியிருக்கிறது. அந்த வருடம் அங்கே ரூம் பிடித்துப் போன நாலைந்து பேரிடம் கேட்டேன், எல்லோரும் நான் இல்லை என்கிறார்கள். ரசீது எண் 88, எழுதி வைத்திருக்கிறேன். தயவுசெய்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பெயர் எழுதாமல் பக்கத்தை மூடக் கூடாது என்று சார் பிடிவாதமாக இருக்கிறார்.

அன்புடன்,
தளத்தைப் பார்த்துக்கொள்பவன்,
தாராவி, மும்பை