டிபி மாத்திரை ஒரு இடத்தில், சுகர் மாத்திரை ஒரு இடத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் 24 வந்தால் எல்லாப் பத்திரிகையிலும் காசநோய் (டிபி) பற்றி ஒரு பக்கம் வந்துவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளி பரிசோதனை செய்யுங்கள், ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிடுங்கள் என்று. நல்லதுதான், வரட்டும். ஆனால் அந்த மாத்திரையோடு ஒத்துப்போகாத மாத்திரைகள் எவை என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருப்பதில்லை. செல்லூரில் மெடிக்கல் வைத்திருக்கிறேன், இது எனக்கு அன்றாடம் கண்ணில் படுகிற சங்கதி.

டிபி மாத்திரை அரசாங்கத்தில் இலவசம், அதனால் பெரும்பாலும் எங்கள் கடைக்கு அந்தச் சீட்டே வராது. சுகர் மாத்திரை எங்களிடம் வாங்குவார்கள், இருதய மாத்திரை எழுதிக் கொடுத்தவர் வேறொரு டாக்டர், கருத்தடை மாத்திரை கொடுத்தது ஊர் நர்ஸம்மா. ஒரே வயிற்றுக்குள் போகிற இத்தனையையும் மொத்தமாக ஒரு மேஜையில் பரப்பிப் பார்க்கிற ஆள்தான் இல்லை.

டிபி மாத்திரைகளில் முக்கியமான ஆள் ரிஃபாம்பிசின். 1960களின் பின்பாதியில் வந்த மருந்து, ஆறு மாதத்தில் டிபி குணமாகிறது என்றால் அதற்குப் பெரிய காரணமே இதுதான், அதில் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் இது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கிற நொதிகளை முடுக்கிவிடும். கூடவே சாப்பிடும் மற்ற மாத்திரைகள் வேலை செய்து முடிக்கும் முன்பே கரைந்து வெளியேறிவிடும். ஒரே நாளில் இது நடப்பதில்லை, ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல ஏறும், அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. "அண்ணே, இந்தக் கம்பெனி மாத்திரை சரியில்லையோ, சுகர் இறங்கவே மாட்டேங்குது, வேற கம்பெனி குடுங்க" என்று ஒரு அம்மா கிளிமிபிரைடு அட்டையை நீட்டினார். அட்டையில் ஒரு குறையும் இல்லை. வேறு என்னம்மா சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, நெஞ்சுச் சளிக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை தருகிறார்கள் என்றார். டிபி என்ற சொல் வாயில் வரவில்லை. வெளியில் தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள் என்ற பயம் நம் பக்கம் இன்னும் போகவில்லையே. டிபி நோயே சர்க்கரையை ஏற்றும், அதோடு இதுவும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

சுகரையாவது குத்திப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். மாலா-என் மாதிரி கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு அது வேலை செய்யவில்லை என்பது நாள் தள்ளிய பிறகுதான் தெரியும். அந்த ஆறு மாதமும், முடிந்து ஒரு மாதமும், காப்பர்-டி, ஆணுறை மாதிரி வேறு வழிதான் சரி. இதைப் பெண்ணிடம் நேராகச் சொல்ல வேண்டும், கூட வந்த மாமியாரிடமோ புருஷனிடமோ சொல்லி அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. இருதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து, மாத்திரை பலிக்காமல் வால்வில் ரத்தம் உறையலாம் என்பதால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்த்து அளவைக் கூட்டுவார்கள். சரி, கூட்டியாகிவிட்டது, டிபியும் குணமாகி மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. அப்புறம்? இரண்டு வாரத்தில் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பும், கூட்டிய அளவு கூட்டியபடியே இருந்தால் ரத்தக் கசிவில் போய் முடியும். சுகர் மாத்திரைக்கும் இதே கதை, லோ சுகரில் மயங்கி விழுவார்கள். ஆரம்பிக்கும்போதாவது யாராவது சொல்லக்கூடும், முடிக்கும்போது சொல்வார் யாருமில்லை.

ஸ்டீராய்டு, தைராய்டு, பிரஷருக்கான அம்லோடிபின், வலிப்பு மாத்திரை எல்லாமே டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டியவை. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அதில் ஒன்றான டோலுடெக்ராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளையாக மாற்றுவது வழக்கம், ஏ.ஆர்.டி. மையங்களில் இதைக் கவனித்தே செய்கிறார்கள்.

எங்கள் ஆட்களையும் சொல்லத்தான் வேண்டும். டிபி மாத்திரை சாப்பிட்டு வயிறு எரிகிறது என்று வந்தால் உடனே வயிற்று அமிலத்துக்கான ஜெலுசிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் இருக்கும் அலுமினியம் டிபி மாத்திரையை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள் என்று சொல்ல என்ன செலவு?

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசினின் சாயம், வேர்வையிலும் கண்ணீரிலும் கூட வரும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும். மஞ்சள்காமாலை வந்தாலும் சிறுநீர் நிறம் மாறும், மாத்திரைச் சாயம்தானே என்று அதையும் விட்டுவிடுவார்கள். எனவே சிறுநீரைப் பார்க்காதீர்கள், கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது மஞ்சளாக இருந்தாலோ, சோற்றைக் கண்டாலே குமட்டிக்கொண்டு வாந்தி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் ஓட்டுவது நம் ஊர் வழக்கம், டிபி மாத்திரையோடு அந்த வழக்கம் வேண்டாம். குடிக்கிறவர்கள் இந்த ஆறு மாதமாவது பாட்டிலைத் தொடாமல் இருந்தால் கல்லீரல் தப்பிக்கும்.

பல டிபி மருந்துகளைச் சேர்த்த கூட்டு மாத்திரையில் இருக்கும் ஐசோநியாசிட் கை கால் மதமதப்பைக் கொண்டுவரும், அதற்கு பி6 மாத்திரை தருவார்கள், சத்து மாத்திரைதானே என்று ஒதுக்கிவிடக் கூடாது. சூரை மீன் சாப்பிட்டால் இந்த ஐசோநியாசிட்டால் சிலருக்கு முகம் சிவந்து தலைவலி, படபடப்பு வரும். கரிமேட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் உண்மை.

நான் கேட்பது பெரிய திட்டமெல்லாம் இல்லை. டிபி மாத்திரை கொடுக்கும் முதல் நாளே, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், நாட்டு மருந்து உட்பட. பார்த்து, சிகிச்சை அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள், அதைக் காட்டினால் எங்களுக்கும் தெரியும். கடைசி மாத்திரை கொடுக்கும் நாளில், இரண்டு வாரம் கழித்து சுகரையும் ஐ.என்.ஆரையும் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம், டிபி மாத்திரையை நிச்சயமாக நிறுத்தக் கூடாது. சந்தேகம் என்றால் 1800-11-6666 என்ற காசநோய் உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது. உங்கள் மருத்துவப் பக்கத்தில் அந்த எண்ணை வாரம் ஒரு முறை கட்டம் கட்டிப் போட முடியுமா?

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
செல்லூர், மதுரை.