தறிக்குடோனை விற்கச் சொன்ன மகளுக்கு

அம்மிணி,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? தறிக்குடோனை இடத்தோடு கொடுத்துவிடலாம், "சூலூர்ல என்னப்பா இருக்குது, திருச்சி ரோட்டுல ஒரு ஸ்டாப்புதானே" என்று அன்றைக்குச் சொன்னாய். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன்.

நம் ஊரை உண்டாக்கியது ரோடு இல்லை, குளம். வெள்ளியங்கிரி மலையில் புறப்படும் நொய்யலில் வழிநெடுகத் தடுப்பணை கட்டி, வாய்க்கால் வெட்டி, குளம் குளமாக நிரப்பியிருக்கிறார்கள். சோழர் காலத்து வேலை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நமக்குக் கிடைத்தது பெரிய குளமும் சின்னக் குளமும். மழை ஏமாற்றுகிற இந்தச் சீமையில் நெல் கண்டதே அந்தத் தண்ணீரால்தான். இப்போது கோயமுத்தூர்ச் சாக்கடையும் சேர்ந்து வருகிறது. குளம் வற்றுவதில்லை என்று பெருமைப்படுகிறவர்கள், ஆகாயத்தாமரை மண்டும்போது ஒரு நடை கரையில் வந்து நின்று பார்க்கட்டும்.

அப்புறம் கரண்ட் வந்தது. 1932-இல் நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவை வட்டாரத்தில் மில்கள் பெருகின. நூல் பக்கத்திலேயே கிடைத்ததால் தறியும் பெருகியது. கைத்தறி விசைத்தறியானது. சோமனூர், பல்லடம், சூலூர் என்று எங்கே போனாலும் சாயம் ஏற்றாத காடா துணிதான்.

நம் குடோனுக்குப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைக்க வரும் அக்காவை ஞாபகம் இருக்கிறதா? ஓடித் தீர்ந்த பாவின் இழையையும் புதுப் பாவின் இழையையும் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரே திருகு. அவ்வளவுதான், இணைந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான இழையையும் அப்படியே பிணைத்துவிட்டுத்தான் இடுப்பை நிமிர்த்துவார். அவருடைய சாம்பல் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு நீ திட்டு வாங்கியதும் உண்டு.

சூலூரில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே, 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் சூலூர் விமானதளத்துக்குத் தீ வைத்தவர்கள் நம் சுற்றுப்பட்டு ஆட்கள். அதே தளத்தில் 2018-இலிருந்து தேஜஸ் போர் விமானம் நிற்கிறது. அது கிளம்பினால் உன் அம்மாவுக்கு சீரியல் வசனம் காதில் விழுவதில்லை. அவளுக்கு அந்தக் கோபம் தனி.

சரி, தறிக்கு வருகிறேன். பாவும், குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், நாம் கூலிக்கு நெய்வோம். பேச்சுவார்த்தையில் ஒத்துக்கொண்ட கூலி கையில் வரும்போது குறைந்திருக்கும். 2023-இலிருந்து இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம், அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஊடையைக் கொண்டு போகும் நாடா இல்லாமலே நெய்கிற புதுத் தறி ஓடுகிற வேகத்துக்கு நம்முடைய நாடாத் தறி எங்கே ஈடு கொடுக்கும்? ஓட்ட ஆளும் கிடைப்பதில்லை. அதனால் தறிகளைப் பழைய இரும்புக்குப் பேசிவிட்டேன். அதில் நீ சொன்னதுதான் நடக்கிறது.

இடம் மட்டும் விற்பனைக்கு இல்லை. குளத்துத் தண்ணீருக்கு ஒரு தொழில், மலைக் கரண்டுக்கு ஒரு தொழில் என்று மாறி மாறிப் பிழைத்த ஊர் இது. அடுத்ததற்கும் நாலு சுவரும் கூரையும் வேண்டாமா? சோமனூர்ப் பையன் ஒருவன் ரேபியர் என்கிற நாடா இல்லாத் தறி போட வாடகைக்குக் கேட்கிறான். ஆள் தங்கமான ஆள், அட்வான்ஸ் மட்டும் இழுக்கிறான்.

பத்திரம் பாதி உன் பேரில் இருப்பதால் வாடகை ஒப்பந்தத்தில் உன் கையெழுத்தும் வேண்டும். தீபாவளிக்கு வரும்போது பான் கார்டை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா